மயக்க டாக்டரின் மொட்டைமாடி

அந்த ஆஸ்பத்திரியில் கத்தி பிடிப்பவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. அவர்களுக்காக வாசலில் காத்துக்கிடக்கும் கூட்டம் உண்டு. குணமாகிப் போகிறவர்கள் கண் கலங்கி நன்றி சொல்வதும் உண்டு. மயக்க ஊசி போடுகிறவருக்கு ஒரு முக்காலி உண்டு. ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில், பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம், மெஷின்களுக்கும் குழாய்களுக்கும் நடுவே போட்ட சுழல் முக்காலி. எல்லோரும் ‘மயக்க டாக்டர்’ என்றே கூப்பிடும் நம்மவர் கால் நூற்றாண்டாக அதில்தான் குந்தியிருந்தார்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. கைராசிக்காரர். அவர் தூங்கவைத்து எழுந்திருக்காதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் எழுந்தவர்களில் யாருக்காவது அவர் முகம் ஞாபகம் இருக்க வேண்டுமே! எப்படி இருக்கும்? பார்த்த கையோடு ஆளைத் தூங்க வைத்துவிடுகிறார். கண் விழிக்கும்போது எதிரே சிரித்துக்கொண்டு நிற்பது எலும்பு டாக்டர். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், விடுதியில் ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்தவர்கள். எலும்பு டாக்டர் தெருவில் நடந்தால் வணக்கம் சொல்கிறவர்களைத் தாண்டிப் போவதற்குள் அரை நாள் ஆகிவிடும். நம்மவர் நடந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

இந்தக் குறை உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. பற்றி எரிந்தது ஒரு சூப்பர் மார்க்கெட்டில். இரண்டு டாக்டர்களும் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பதுதான் விசேஷம். போன மழைக்காலத்தில் முட்டி மாற்றிக்கொண்டவர். எலும்பு டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சோப்பு அலமாரிக்கு முன்னால் முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினார். பிறகு நம்மவர் பக்கம் திரும்பி, “தம்பி, டாக்டரோட கூடையை வாங்கிக்கக் கூடாதா? பாவம், அவரே தூக்கிட்டு நிக்கிறாரு” என்றார். டிரைவர் என்று நினைத்துவிட்டார். அந்த முட்டி மாறி முடிகிறவரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? நம்மவர் கூடையை வாங்கிக்கொண்டார்.

ஊர் தன்னைப் பார்த்தே தீர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். இதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கலாம். தேர்தலில் நின்றிருக்கலாம். அட, நோயாளிகளிடம் போய் “நான்தான் உங்களைத் தூங்கவைத்தேன், எப்படி இருக்கீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சல்லிக்காசு செலவில்லை. இவர் கூரை திறக்கிற எஸ்.யூ.வி. வாங்கினார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஸ்.யூ.வி. என்றால் காட்டிலும் மேட்டிலும் போகிற உயரமான வண்டி. கிராஸ்ஓவர் என்றால் காட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போகிற, ஆனால் காட்டுக்குப் போவதுபோல் முறைத்துக்கொண்டு நிற்கிற வண்டி. கன்வர்ட்டபிள் என்றால் பட்டனை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்விடும். இந்த மூன்றையும் ஒரே வண்டியில் கட்டிவைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியிருக்கிறது. தோன்றியதில் தப்பில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்திருக்க வேண்டும்.

ஷோரூமில் இருந்த இளைஞன் தேன் ஒழுகப் பேசினான். “சார், இதுல போனா நீங்க ரோட்டைப் பாக்க வேணாம். ரோடு உங்களைப் பாக்கும்.”

நம்மவர் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அவர் மனைவி விழுகிற ரகம் இல்லை. அதே ஆஸ்பத்திரியில் மருந்துக் கடையைப் பார்த்துக்கொள்பவர். டாக்டர்களின் கிறுக்கல்களைப் படித்துப் படித்து எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்கிற பழக்கம் வந்துவிட்டது.

“நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு கதவுதானா?”

“அதுதான் மேடம் ஸ்டைல்.”

“கூரை மடிஞ்சு எங்க போகுது?”

“டிக்கிக்குள்ள மேடம். அழகா உட்கார்ந்துடும்.”

“அப்ப சாமான் எங்க உட்காரும்?”

இளைஞன் தலையைச் சாய்த்துச் சிரித்தான். “இந்த வண்டி வாங்குறவங்க சாமான் தூக்க மாட்டாங்க மேடம்.”

“ஓஹோ. வேற யாரு, நீங்க வந்து தூக்குவீங்களா?” என்றார் மனைவி. ஆனால் அதற்குள் நம்மவர் கூரை பட்டனை மூன்றாவது தடவையாக அழுத்திக்கொண்டிருந்தார். குழந்தை கையில் கிலுகிலுப்பை கொடுத்தாயிற்று, இனிப் பிடுங்கவா முடியும்? வண்டி வீட்டுக்கு வந்தது. மனைவி அதற்கு ‘மொட்டைமாடி’ என்று பெயர் வைத்தார்.

நல்லதையும் சொல்லாவிட்டால் பாவம். முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சாலையில், கூரையைத் திறந்துபோட்டு மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் மரங்கள். உயரமான இருக்கை என்பதால் தண்ணீர் முழுவதும் தெரிந்தது. கிளைகள் தலைக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்கோ மழை பெய்த மண்வாசனை வந்தது. மனைவி கழுத்தைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டே, “நல்லாத்தாங்க இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சான்றிதழ் வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. அன்றிலிருந்து வண்டி தன் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கியது.

முதலில் மாமனார். பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடித்து, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, இன்னொரு காலை யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஏறுவதே பெரும்பாடு, இறங்குவது கிட்டத்தட்டப் பிரசவம். “மாப்ள, என்னை வீட்டுலயே விட்டுடுங்க. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?” என்று மனிதர் கெஞ்சினார். கல்லூரியில் படிக்கும் மகன் நண்பர்களை ஏற்றி ஒருநாள் பவனி வந்தான். பின்னால் உட்கார்ந்த இருவரின் முட்டியும் மோவாயும் ஒட்டிக்கொண்டதில், மறுநாளிலிருந்து அவர்கள் பஸ்ஸே சௌகரியம் என்று சொல்லிவிட்டார்கள்.

கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமல்ல, வண்டியின் நாலு பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருப்பதும் அதுதான் என்பது வேகத்தடைகளில் ஏறி இறங்கியபோது தெரிந்தது. கண்ணாடி கடகடத்தது, கதவு கடகடத்தது, மாமனாரின் பல்செட் தனியாகக் கடகடத்தது. சரி, கூரையை மூடலாமென்றால் பின்கண்ணாடி தபால்பெட்டியின் வாய் அளவுக்குத்தான் தெரியும். பின்னால் வருவது லாரியா, காலியிடமா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆஸ்பத்திரித் தூண் ஒன்றை இரண்டு தடவை இடித்தார். கதவோ முழம் முழமாக நீண்டிருந்தது. இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தினால் கதவைத் திறக்க இடமிருக்காது. கூரையைத் திறந்து, சீட்டின்மேல் ஏறி நின்று, டாக்டர் வெளியே குதிப்பதைக் காவலாளி தினமும் வேடிக்கை பார்த்தார்.

தலைமுடி விஷயம் தனிக்கதை. வலது காதோரம் நீளமாக வளர்த்து, வழுக்கையைத் தாண்டி இடது காதுவரை இழுத்துப் படியவைப்பது அவர் வழக்கம். திறந்த வண்டியில் போனால் அந்தக் கற்றை எழுந்து நின்று கொடிபோல் பறந்தது. தொப்பி வாங்கினார். தொப்பி பறந்தது. கயிறு வைத்த தொப்பி வாங்கினார். மனைவி உச்சி வெயிலில் வண்டிக்குள் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் நெருக்கியடித்துக்கொண்டு, வண்டிக்குள் யார் மடியில் என்ன இருக்கிறது என்பதுவரை பார்த்தார்கள். ஊர் பார்த்தது, சந்தேகமில்லை. ஆனால் வண்டியைப் பார்த்தது, குடையைப் பார்த்தது, தொப்பியைப் பார்த்தது. அவரை யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம்கூடத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற சங்கதிகள்தான். பெரிய வினை வேறு திசையிலிருந்து வந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். வீட்டில் மாமனாருக்குப் பாம்புச் செவி. மகன் எந்நேரமும் பக்கத்து அறையில் படிக்கிற பாவனையில் இருப்பான். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் உள்ளதை உள்ளபடி பேசுவதெல்லாம் காருக்குள்தான். வீட்டுக் கேட்டைத் தாண்டிக் கண்ணாடியை ஏற்றியதும் இருவரும் வாயைத் திறப்பார்கள். யார் யாரைப் பற்றி என்ன நினைக்கிறார், யாரிடம் எது பிடிக்கவில்லை, எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்குவார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். வண்டி மாறிவிட்டது, வாய் மாறவில்லை. தலைக்கு மேல் கூரை இல்லை என்பது வெயிலுக்கு உறைத்தது, இவர்களுக்கு உறைக்கவில்லை. போதாக்குறைக்குக் காற்று இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். வண்டி நின்றால் காற்று நின்றுவிடும். குரல் அதே உயரத்தில்தான் இருக்கும்.

அன்று காலை பெரிய சிக்னலில் நின்றார்கள். குடைக்கடியிலிருந்து மனைவி கேட்டார்: “நேத்தெல்லாம் ஆபரேஷன், இன்னிக்கும் வரிசையா ஆபரேஷன். நின்னு நின்னு உங்களுக்குக் கால் வலிக்காதா?”

டாக்டர் சிரித்தார். மனைவியிடம் மட்டும் சிரிக்கிற, கள்ளம் கபடமில்லாத சிரிப்பு. “நிக்கிறதா? நானா? ஊசியைப் போட்டுட்டா அப்புறம் எனக்கென்னடி வேலை? மெஷின் பாத்துக்கும். ஏதாவது ஆச்சுன்னா அதுவே கத்தும். நான் பாட்டுக்கு ஓரமா உட்கார்ந்து போன்ல கார் வீடியோ பாத்துட்டிருப்பேன்.”

“ஐயையோ! ஆள் மயக்கத்துல கிடக்கும்போதா?”

“பின்ன, மயக்கத்துல கிடக்குறவங்க என்னையா பாக்கப் போறாங்க? இந்த வண்டியே அப்படிப் பாத்து முடிவு பண்ணினதுதான். ரெண்டு ஹெர்னியா, ஒரு பித்தப்பை, ஒரு இடுப்பெலும்பு. இடுப்பெலும்புலதான் கலரை முடிவு பண்ணினேன்!”

சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். ஒரு வாடகைக் காரின் பின்சீட்டு ஜன்னல் இறங்கியிருந்தது. நரைத்த கொண்டையும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக ஓர் அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்து டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பச்சை விழுந்தது, பறந்தார்.

மறுநாள் காலை முதல் கேஸ், முட்டி மாற்று. கத்தி வைப்பவர் எலும்பு டாக்டர். நோயாளி ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. அருகில் பவ்வியமாக ஒரு மகன். நம்மவர் உள்ளே போய் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை இருக்கா? இல்லை. ரத்தக்கொதிப்பு? மாத்திரை சாப்பிடுகிறார். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கா? ஆகியிருக்கிறது, மயக்கத்தால் ஒரு தொந்தரவும் வரவில்லை. “ரொம்ப நல்லது” என்று சொல்லித் திரும்பப் போனார்.

“டாக்டர், முந்தாநேத்து இல்ல, நேத்து காலைல, பெரிய சிக்னல்ல கூரையில்லாத வண்டில இருந்தது நீங்கதானே?” என்றார் தலைமையாசிரியை.

நம்மவர் நின்றார். காதில் தேன் பாய்ந்தது. கால் நூற்றாண்டுத் தொழிலில் ஒரு நோயாளி அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்ட முதல் நாள்! “ஆமா மேடம், நானேதான்! நீங்க பாத்தீங்களா? எப்படி இருந்தது?” என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

“வண்டி எனக்கெதுக்கு? என் முட்டிக்கு எந்த வீடியோ பாக்கப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

டாக்டரின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. மகன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. “ரெண்டு ஹெர்னியான்னீங்க. ஒரு பித்தப்பைன்னீங்க. அவங்க எல்லாம் உங்களை நம்பித்தானே கண்ணை மூடினாங்க? நான் மூட மாட்டேன்.”

செய்தி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய், எலும்பு டாக்டர் வந்து, நம்மவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. “டேய், கத்துறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா? போய்க் கால்ல விழுவியோ கையைப் பிடிப்பியோ, எனக்குத் தெரியாது. இல்லன்னா வேற ஆளை வரச்சொல்லிடுவேன்.” மருந்துக் கடைவரை விஷயம் போய்விட்டது. மனைவி ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

நம்மவர் திரும்பப் போய் நின்றார். பேசி எத்தனையோ பேரைத் தூங்கவைத்த வாய், “மேடம்… மேடம்…” என்றது. தலைமையாசிரியையே வழி சொன்னார். “இடுப்புக்குக் கீழ மரத்துப்போனா போதும்னு எலும்பு டாக்டர் சொல்றாரு. அதுக்கு மேல தூங்க வைக்கிற மருந்து எதுவும் எனக்கு வேணாம். முழிச்சுட்டே இருப்பேன். போனை இப்படிக் குடுங்க.” எத்தனை பிள்ளைகளிடம் பிடுங்கிய கையோ! நம்மவர் கொடுத்துவிட்டார். அம்மாள் அதை மகனிடம் கொடுத்து, “அணைச்சு உன் பையில வை” என்றார்.

ஆபரேஷன் தொடங்கியது. முதுகில் ஊசி ஏறி, கால்கள் மரத்து, நெஞ்சுக்கு மேலே பச்சைத் திரை கட்டினார்கள். அந்தப் பக்கம் எலும்பு டாக்டரும் அவர் பரிவாரமும் சுத்தியலும் ரம்பமும். இந்தப் பக்கம் ஒரு முகம், ஒரு முக்காலி. தலைமையாசிரியைக்குப் பார்ப்பதற்கு மயக்க டாக்டரைத் தவிர வேறு எதுவும் இல்லை. அம்மாள் பார்த்தார். கண் கொட்டாமல் பார்த்தார். பரீட்சைக் கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை. ஊர் பார்க்க வேண்டுமென்று மொட்டைமாடி கட்டி ஓட்டிய மனிதர், ஒரே ஒரு ஜோடிக் கண்ணைத் தாங்க முடியாமல் முக்காலியில் இப்படியும் அப்படியும் திரும்பினார். மாஸ்க்குக்குள் வியர்த்தது.

வேறு வழியில்லாமல் வேலையைப் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும், பிரமாதமாகப் பார்த்தார். ரத்த அழுத்தம் சற்று இறங்கியபோது மெஷின் கத்துவதற்கு முன்பே அவர் கை மருந்துக்குப் போய்விட்டது. அம்மாளின் விரல் சில்லிட்டிருப்பதைக் கவனித்து வெதுவெதுப்பான போர்வை கேட்டார். சத்தம் அதிகமானபோது, “இது எலும்பைச் சீவுற சத்தம்தான், பயப்படாதீங்க” என்றார். இப்படி வேலை செய்து வெகுகாலமாயிற்று என்பது அவருக்கே உறைத்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இந்த அம்மாளுக்காவது இனி நம் முகம் மறக்காது என்று அந்த நிலைமையிலும் புத்தி ஓடியது.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்?” என்றார் மெதுவாக. “ரோட்டுல எத்தனையோ பேர் பாக்குறாங்க. எல்லாரும் வண்டியைத்தான் பாக்குறாங்க. நீங்க மட்டும் எப்படி என் மூஞ்சியை ஞாபகம் வெச்சிருந்தீங்க?”

“மூஞ்சி எங்க தெரிஞ்சுது? தொப்பிதான் தெரிஞ்சுது. குரலை வெச்சுக் கண்டுபிடிச்சேன்.”

“குரலா? என் குரல் உங்களுக்கு எப்படி…”

“இந்த இன்னொரு முட்டியை மாத்துனப்ப நீங்கதானே மயக்கம் குடுத்தீங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்காது.” அம்மாள் இப்போதும் குரலை உயர்த்தவில்லை. “எனக்கு அன்னிக்குக் கை காலெல்லாம் உதறல். ‘பயப்படாதீங்கம்மா, நீங்க முழிக்கிற வரைக்கும் உங்க முகத்தையேதான் பாத்துட்டு இருப்பேன்’னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைலதான் தூங்கினேன். எழுந்ததும் உங்களைத்தான் தேடினேன், நீங்க போயிட்டீங்க. யார் வந்து கேட்டாலும் எலும்பு டாக்டரைப் பத்திப் பேசினதை விட உங்களைப் பத்தித்தான் பேசியிருக்கேன்.”

அது எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். மனப்பாடம். டாக்டர் திரையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். எல்லா எண்களும் சரியாக இருந்தன.

“சிக்னல்ல பக்கத்துல அந்தக் குரல் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வணக்கம் சொல்லலாம்னு அவசர அவசரமா கண்ணாடியை இறக்கி, கையைக்கூடத் தூக்கிட்டேன். அப்பதான் நீங்க ரெண்டு ஹெர்னியான்னீங்க. தூக்கின கையை என்ன பண்றதுன்னு தெரியலை. சும்மா தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டேன்.”